சமரசம் என்றால் தீர்ப்பு ஆகுமா?

கேள்வி: அமெரிக்காவில் 1996-ல் கொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுமி ஜான்பெனே ராம்சேயின் அண்ணன் பர்க், சி.பி.எஸ். தொலைக்காட்சியிடம் 75 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டாரே, பணம் கிடைத்ததா?

பதில்: 75 கோடி என்பது மனுவில் கேட்ட தொகை: இழப்பீடு 25 கோடி, தண்டத்தொகை 50 கோடி. 2019 ஜனவரியில் வழக்கு சமரசமானது. கைமாறிய தொகையை வெளியிடவில்லை. கேட்டதைக் கிடைத்ததாக எழுதுவது பெரும் பிழை.

2016 செப்டம்பரில் ஒளிபரப்பான தொடர், கொன்றது அண்ணன்தான் என்ற முடிவுக்குப் போனது. "அது நிபுணர்களின் கருத்துதான்" என்று தொலைக்காட்சி வாதாடியது. மிச்சிகன் நீதிபதி 2018 ஜனவரியில் அதை ஏற்காமல் வழக்கை நடத்த அனுமதித்தார். இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் இரு தரப்புக்கும் சமரசத்தில் அக்கறை வரும். ஒளிபரப்பாத காட்சிகளையும் உள் மின்னஞ்சல்களையும் ஊடகம் எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டிவரும். வழக்குப் போட்டவரும் அன்றைய இரவைப் பற்றிச் சத்தியப்பிரமாணத்தின் மேல் மணிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: கொலையாளி யாரென்றே தெரியாதபோது, சொன்னது பொய் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: இந்த வழக்குகளின் முட்டுச்சுவரே இதுதான். பொது அக்கறையுள்ள விஷயத்தில் ஊடகம் மீது வழக்குப் போடுபவர், சொன்னது பொய் என்று தானே நிரூபிக்க வேண்டும் என்று 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் பிரபலமானவர் என்றால், பொய்யென்று தெரிந்தே, அல்லது உண்மையா என்று கவலையே படாமல் சொன்னார்கள் என்றும் காட்ட வேண்டும்.

இதே கொலையில் எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு நடந்தது. ராம்சே தம்பதி தங்கள் புத்தகத்தில் சந்தேகப்பட்டு எழுதிய ஒருவர் அவர்கள்மீதே வழக்குப் போட்டார். தாயே கொன்றதால் தன்மீது சொன்னது பொய் என்று அவர்களுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். அதாவது, அவதூறை நிரூபிக்கக் கொலையையே நிரூபிக்க வேண்டியிருந்தது. 2003-ல் ஜார்ஜியா கூட்டாட்சி நீதிபதி ஜூலி கார்ன்ஸ், வெளியாள் நுழைந்து கொன்றதற்கே சான்றுகள் கூடுதலாகப் பொருந்துகின்றன என்று கூறி, விசாரணைக்குப் போகாமலே தள்ளுபடி செய்தார். சமரசத்தில் இப்படி ஒரு வரிகூடப் பதிவாகாது. பர்க் வழக்கின் சமரசத்தை வைத்து அவரைக் குற்றவாளி என்றோ, தொலைக்காட்சி பொய்யை ஒப்புக்கொண்டது என்றோ சொல்ல இடமில்லை. அவர்மீது குற்றச்சாட்டே பதிவானதில்லை.

கேள்வி: வழக்குப் போடக் கெடு உண்டா?

பதில்: மிச்சிகனில் ஒரு வருடம். பர்க் 2016 டிசம்பரிலேயே போட்டுவிட்டார். மாநிலத்துக்கு மாநிலம் கெடு மாறும். தவறினால் எவ்வளவு வலுவான வழக்கும் நிற்காது.