வண்டி பாதியில் நின்றால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். ஸ்டேஷனில் வேலை நடக்கிறது, லைனை மூடிவிட்டார்கள், வண்டி பாதியில் நிற்கிறது, நாங்கள் எப்படிப் போய் வருவது? புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு இந்தக் கடிதங்கள் குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. வண்டி எண்ணும் தேதியும் இல்லாமல் வந்தவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவர்கள் விவரத்தோடு மறுபடி எழுதட்டும்.

திருநகர் வாசகர்: சென்னையிலிருந்து மதுரைக்கு முன்பதிவு செய்திருந்தேன். வேலை நடக்கிறது என்று வண்டியைத் திண்டுக்கல்லோடு நிறுத்திவிட்டார்கள். மீதி தூரம் பஸ்ஸில் வந்தேன். இது போன மாதம் நடந்தது. பணம் கிடைக்குமா?

போன மாதம் என்றால் கிடைக்காது. ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட 72 மணி நேரம்தான் அவகாசம். வண்டி மதுரைக்கு வந்து சேர வேண்டிய நேரத்திலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். முழு ரத்துக்குத்தான் பணம் தானாக வங்கிக் கணக்குக்கு வரும், பகுதி ரத்துக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் இறங்கிய ஸ்டேஷனிலேயே காட்டிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, நாலு நாள் கழித்துக் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

விளாங்குடி வாசகர்: 14-ம் தேதி வண்டி ரத்து என்று அறிவிப்பில் இருந்தது. 14-ம் தேதி விடிகாலை என் தம்பி திண்டுக்கல்லில் அதே வண்டியில் ஏறி வந்திருக்கிறான். நான் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அறிவிப்பே தப்பா?

அறிவிப்பு சரி, நீங்கள் படித்ததுதான் தப்பு. அறிவிப்பில் போடும் தேதி, வண்டி தன் முதல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் தேதி. 13-ம் தேதி இரவு சென்னையில் கிளம்பியதுதான் 14-ம் தேதி விடிகாலை திண்டுக்கல்லுக்கு வந்தது. 14-ம் தேதி ரத்து என்றால் 15-ம் தேதி விடிகாலை நமக்கு வண்டி இல்லை என்று பொருள். இரவு வண்டிக்கு எப்போதும் ஒரு நாள் தள்ளிப் படியுங்கள்.

சோழவந்தான் வாசகி: மூன்று மாதச் சீசன் டிக்கெட் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. லைன் வேலை என்று காலை வண்டியை இரண்டு வாரம் ரத்து செய்துவிட்டார்கள். அந்த நாட்களை நீட்டித்துத் தருவார்களா?

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, பயன்படுத்த முடியாமல் போன நாட்களை நீட்டித்துக் கொடுத்தார்கள். அது தனி உத்தரவு. இரண்டு வார லைன் வேலைக்கு அப்படி ஒரு உத்தரவு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்று மாதச் சீசன் மூன்று மாதக் காசை விடக் குறைவாகக் கிடைப்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறோம். நல்ல கணக்குதான். ஆனால் உங்கள் பாதையில் இரட்டைப் பாதை, யார்டு, பாலம் என்று ஏதாவது வேலை நடப்பது தெரிந்தால் மாதச் சீசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் காசை மிச்சம் பிடிக்கப்போய் அதைவிட அதிகமாக இழக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பதிவு செய்தவருக்கு ரத்து பற்றிக் குறுஞ்செய்தி வருகிறது, பணமும் திரும்புகிறது. ஆறு நாளும் அதே வண்டியில் வரும் சீசன்காரருக்கு எதுவும் வருவதில்லை. பிளாட்பாரத்தில் வந்து நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. வேலை நடக்கும் நாட்களில் முதல் நாள் இரவே ரயில்வே விசாரணை எண் 139-க்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: மதுரைக்குச் சீசன் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. சீசனுக்கு எல்லை 150 கிலோமீட்டர். நீங்கள் 160 சொச்சம்.

பரமக்குடி வாசகர்: 1964 புயலில் பாம்பன் பாலம் போனபோது 46 நாளில் சரிசெய்தார்களே. இப்போது மட்டும் ராமேஸ்வரம் ஸ்டேஷனை இரண்டு வருஷத்துக்கு மேல் மூடி வைத்தது ஏன்?

இரண்டும் ஒன்றல்ல. 1964-ல் புயல் கர்டர்களை, அதாவது தூண்களுக்கு மேலே கிடக்கும் இரும்பு உத்திரங்களைத்தான் அடித்துக்கொண்டு போனது, தூண்கள் நின்றன. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. இப்போது நடந்தது வேறு. 1914-ல் திறந்த பாலம், நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. கப்பலுக்காகத் தூக்கும் பகுதியில் இரும்பு அரித்துப்போய், 2022 டிசம்பர் 23-ம் தேதி வண்டியை நிறுத்தினார்கள். அதில் ஆட்களோடு வண்டியை ஓட்டியிருந்தால் நானே எதிர்த்து எழுதியிருப்பேன். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தது. இடையில் 27 மாதம்.

என் வருத்தம் மூடியதில் இல்லை, மூடிய பிறகு நடந்ததில்தான். ஒரு தடவை விடிகாலையில் மண்டபத்தில் இறங்கிப் பார்த்தேன். வடநாட்டு யாத்ரீகர்கள், எழுபது எண்பது வயதுக்காரர்கள், தலையில் மூட்டையோடு இருட்டில் ரோட்டைத் தேடி நடந்தார்கள். ராமேஸ்வரத்துக்கு இன்னும் 18 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டி வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் பஸ் இல்லை. ஆட்டோக்காரர்கள் கேட்டது மதுரையிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டை விடப் பல மடங்கு. ஒரு கருவாட்டு வியாபாரி கூடையைப் பஸ்ஸில் ஏற்ற விடவில்லை என்று ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். பாசஞ்சர் வண்டியில் அந்தக் கூடையை யாரும் கேள்வி கேட்டதில்லை. பாலம் கட்ட நாளாகும், சரி. வண்டி வரும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸை வாசலில் நிறுத்த 27 மாதம் வேண்டுமா?

அண்ணாநகர், மதுரை: மகளுக்குச் சென்னையில் வேலை. எழும்பூர் ஸ்டேஷனில் வேலை நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிற்கின்றன என்கிறார்கள். "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று நம்பி எழும்பூர் பக்கம் அறை எடுக்கலாமா?

சொன்ன காலத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு முடிவெடுங்கள். நான் எப்போதும் வைத்திருக்கும் கணக்கு இது. 2023 ஆகஸ்ட் 27-ம் தேதி கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காக. ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29-ம் தேதி. பதினாலு மாதம். அந்த ஏழு மாதத்தை நம்பி வாடகை முன்பணம் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசியுங்கள். மகள் அடிக்கடி மதுரைக்கு வந்து போகிறவர் என்றால் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் நேராகப் போகிற பாதையில் அறை பாருங்கள். எழும்பூர் திறந்தாலும் நஷ்டமில்லை, திறக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

உசிலம்பட்டி வாசகர்: போடி லைன் மூடி அகலப்பாதை வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் யாரும் ரயிலில் ஏறுவதில்லை. "ரயில் கேட்டீர்களே, இப்போது ஏன் ஏறவில்லை" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஐயா, இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன்.

அந்த லைன் 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். மீட்டர் கேஜ் வண்டி 2010 டிசம்பரோடு நின்றது. மதுரையிலிருந்து போடி வெறும் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி வரை 37 கிலோமீட்டருக்குச் சோதனை ஓட்டம் 2020 ஜனவரியில்தான் நடந்தது. தேனி வரை ஆள் ஏற்றியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டரை வருஷம். வண்டி நின்ற அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வண்டி திரும்ப வந்தபோது பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டது.

நான் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவன். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கத்தரிக்காய், வெண்டைக்காய்க் கூடையோடு காலை வண்டியில் மதுரைக்கு வருவார். சில்லறையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். முடிச்சை அவிழ்த்து, எண்ணி, கவுன்ட்டர் பலகையில் வரிசையாக அடுக்கி வைப்பார். லைன் மூடிய பிறகு இரண்டு வருஷம் வரைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "எப்பய்யா வண்டி விடுவாக?" நான் அடுத்த வருஷம் என்றேன். மேலே இருப்பவர்கள் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். மூன்றாவது வருஷம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். வியாபாரத்தையும் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் கூடைக்குத் தனியாகக் கேட்ட காசு அவருக்குக் கட்டவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. 2022-ல் தேனி வண்டி தொடங்கியபோது நேரத்தைப் பார்த்தீர்களா? காலை எட்டரைக்கு மதுரையில் கிளம்பித் தேனிக்குப் போகும். மாலை ஆறே காலுக்குத் தேனியில் கிளம்பி மதுரைக்குத் திரும்பும். உசிலம்பட்டிக்காரர் காலையில் மதுரைக்கு வர வேண்டும், மாலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும். வண்டியோ நேர் எதிராக ஓடியது. இதில் ஏறி அவர் எப்படி வேலைக்கு வருவார்? அந்தச் சமயத்தில் குறைந்த கட்டணம் பத்து ரூபாய் இல்லை, முப்பது ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களை எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மாற்றியிருந்தார்கள், 2024 பிப்ரவரியில்தான் பத்துக்கு இறக்கினார்கள். அதற்குள் 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது. இடையில் நின்றதும் வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி மட்டும். கூடை ஏற்றிய சின்ன ஸ்டேஷன்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இப்படிப் பதில் சொல்லுங்கள்: நாங்கள் கேட்டது காலை ஒன்பது மணிக்குள் மதுரைக்கு வந்து சேரும் வண்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊருக்குத் திரும்பும் வண்டி. அந்த வண்டியை ஓட்டி, ஆறு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் பஸ்ஸுக்குப் பழகியவரைத் தண்டவாளத்தை மட்டும் காட்டித் திரும்பக் கூப்பிட முடியாது. நேரமும் கட்டணமும் நிற்கும் இடமும் அவருக்குத் தோதாக இருந்தால்தான் வருவார்.

மனு எழுதும்போது "கூடுதல் ரயில் வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குள் மதுரையில் இருக்க வேண்டும் என்று கையெழுத்தோடு எழுதுங்கள். காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாரம் நின்று, உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணினாலே போதும். அந்த எண்ணிக்கையோடு வருகிற மனுவை ஒதுக்குவது கஷ்டம்.

செல்லூர் வாசகர்: மதுரை ஜங்ஷனை ஆறு மாதம் மூடப்போவதாக வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. உண்மையா?

வண்டி எண் இல்லாத, தேதி இல்லாத, கையெழுத்து இல்லாத செய்தியை எனக்கும் அனுப்பாதீர்கள், மற்றவர்களுக்கும் அனுப்பாதீர்கள். 139 இருக்கிறது.

வாடிப்பட்டி வாசகர்: வண்டியைக் கூடல்நகரோடு நிறுத்தினால் ஊருக்குள் எப்படி வருவது?

ஜங்ஷன் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பேசாதீர்கள், மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து டவுன் பஸ் பிடியுங்கள். கையில் சாமான் அதிகம் என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டோ பேசுங்கள்.

மானாமதுரை வாசகி: மதுரையில் ஏற வேண்டிய டிக்கெட்டை மானாமதுரைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு மனசு மாறி மதுரையிலேயே ஏறலாமா?

ஏறக் கூடாது. ஏறும் இடத்தை மாற்றிவிட்டால் பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும், டிக்கெட் இல்லாத பயணமாகக் கணக்கு வைப்பார்கள். வண்டியை வழி மாற்றி விடுகிற நாட்களில் பலர் இதில் மாட்டுகிறார்கள். முதலில் வண்டி எந்த வழியாகப் போகிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மாற்றுங்கள்.

எல்லீஸ்நகர் வாசகர்: அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. மதுரை ஸ்டேஷனில் வேலை நடப்பதால் வழி மாறிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

போகும் நாளன்று காலையில் நீங்கள் ஒரு நடை போய், எந்த வாசல் திறந்திருக்கிறது, லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மாலையில் அப்பாவை முக்கால் மணி முன்னதாகக் கூட்டிப் போங்கள். வண்டி எந்த பிளாட்பாரம் என்பதை உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த முழங்காலோடு ஒரு தடவை தப்பான படியில் ஏறி இறங்க வைத்துவிடாதீர்கள்.