பழைய ஆப்பிரிக்க இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆஃப்ரோபீட் (ஆப்பிரிக்கத் தாளங்களோடு ஜாஸும் ஃபங்க்கும் கலந்த இசை) கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1970களில் வெளியிட்ட தட்டுகளிலிருந்து. முதல்முறை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். வாசிப்பவர் டோனி ஆலன்.

கேள்வி: என்னிடம் பெனின் நாட்டுத் தட்டு ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: நான் விலை சொல்வதில்லை.

கேள்வி: மூல டேப் தொலைந்துபோன பாட்டை எப்படி மறுபடி வெளியிடுகிறார்கள்?

பதில்: கிடைத்ததிலேயே சுத்தமான தட்டைச் சுழலவிட்டு, அதிலிருந்து பதிவு செய்து, கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாக நீக்குவார்கள். அளவுக்கு மீறி நீக்கினால் ஹை-ஹாட்டின் (டிரம்ஸோடு இருக்கும் ஜோடித் தாளம்) கூர்மையும் சேர்ந்து போய்விடும். டேப்பே கிடைத்தாலும் உடனே ஓடவிடக் கூடாது. 1970களின் பல டேப்புகளில் காந்தப்பொடியைப் பிடித்துவைக்கும் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். சுமார் 50 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்ச காலத்துக்குச் சரியாக ஓடும். அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும். வீட்டு அடுப்பில் முயலாதீர்கள்.

கேள்வி: மட்கிக் கிடந்த தட்டுகளை ஐரோப்பிய, அமெரிக்க லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) மறுபடி வெளியிட்டுக் காப்பாற்றின. கலைஞரைக் கேட்காமல் வெளியிடுகிறார்கள் என்று அவர்களை ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: கலைஞரைத் தேடிப் போகாதவர்களைத்தான் சொல்கிறேன். எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியாவைப் பாருங்கள். வாலியாஸ் இசைக்குழுவோடு 1981இல் அமெரிக்கா போனவர், அங்கேயே தங்கி வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டினார். 1985இல் அக்கார்டியனும் கீபோர்டுகளும் வைத்துத் தனியாளாக ஒரு கேசட் பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து பாஹிர் தார் நகரில் அந்தக் கேசட்டை வாங்கிய பிரையன் ஷிம்கோவிட்ஸ் (ஆப்பிரிக்கக் கேசட்டுகளை மறுபடி வெளியிடும் அமெரிக்கர்), அவரைத் தேடிப்பிடித்துப் பேசி, 2013இல் மறுபடி வெளியிட்டார். மெர்கியா மேடைக்குத் திரும்பினார். 2018இல் புதிய ஆல்பமும் வந்தது. கேட்காமலே அச்சடித்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

கேள்வி: தட்டை முதலில் வெளியிட்ட லேபிள் முதலாளியிடம் உரிமம் வாங்கினால் போதாதா? சட்டப்படி அவர்தானே உரிமையாளர்?

பதில்: பதிவின் உரிமை அவரிடம் இருக்கலாம். பாட்டை இயற்றியவரின் உரிமை வேறு. வாசித்தவர்களில் பலருக்குப் பதிவு நாளில் ஒரு தொகை கொடுத்ததோடு சரி. இன்று அதே தட்டு பெனினின் கோட்டோனூ நகரில் ஒருவர் நினைத்தாலும் வாங்க முடியாத விலைக்கு ஐரோப்பாவில் விற்கும்போது, சட்டத்தைக் காட்டி அவர்களை விட்டுவிடுவது அநியாயம். ஆள் இல்லையென்றால் குடும்பத்தைத் தேடுங்கள்.

கேள்வி: அப்படித் தேடினால் எந்தத் தட்டும் வெளிவராது. கணக்கு கட்டுப்படியாகாது.

பதில்: வந்திருக்கிறதே! கோட்டோனூவின் பாலி-ரித்மோ இசைக்குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மறுவெளியீடுகளால் பெயர் பரவி, 2009இல் ஐரோப்பாவில் வாசித்தார்கள். தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன குழு அது. உயிரோடு இருக்கும்போதே தேடியதால் கிடைத்த பலன்.

கேள்வி: என் தட்டு ஜாம்பியாவில் அச்சானது. விலை?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மறுவெளியீட்டுத் தட்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: பின்னட்டையை. யாரிடம் உரிமம் பெற்றது என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவானாலும்.