மோர்போல் வெளுத்த கியர் ஆயில்

கேள்வி: என் ஃபைபர் படகின் அவுட்போர்டு இன்ஜினில் கியர் ஆயிலை வடித்தபோது, அது மோர்போல் வெளுத்து வந்தது. புது ஆயில் நிரப்பினால் போதுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: போதாது. ஆயில் வெளுத்திருப்பது கியர் பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டதையே காட்டுகிறது. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டைச் சுற்றித் தங்கூசி (நைலான்) நூல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வலைத்தொழிலில், தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கிழிவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். சீலை மாற்றாமல் ஊற்றும் ஆயில் மீண்டும் வெளுக்கும், பேரிங்கும் துருப்பிடிக்கும்.

நிரப்பும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். இன்ஜினை நேராக நிறுத்தி, கியர் பெட்டியின் கீழ், மேல் திருகுகள் இரண்டையும் கழற்றிப் பழைய ஆயிலை முழுவதும் வடித்தபின், கீழ்த்துளை வழியாகவே புது ஆயிலை மெதுவாக ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். மேல்துளையில் குமிழியின்றி ஆயில் வழிந்ததும், முதலில் மேல்திருகையும் பிறகு கீழ்த்திருகையும் பூட்டுங்கள். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான், ஆனால் பழைய வாஷரே நீர் புகும் வழியாகிவிடுவதும் உண்டு.

காந்தமுள்ள திருகில் மெல்லிய பசைபோல் இரும்புப்பொடி படிவது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால், கடலுக்குச் செல்லாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயிலின் தரத்தையும் அளவையும் கையேட்டில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.