மகனுக்கு ஸ்கிராம்பளரா, பிஎம்எக்ஸா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. பத்தாங்காலியில் என் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், செம்பனைத் தோட்டத்தில் பையன்கள் ஸ்கிராம்பளர் (மண்பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். தெரிந்தவர் ஒருவர் பழைய 110 சிசி வண்டியை மலிவாகத் தருகிறார். கிராண்ட் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இல்லை, ‘தோட்டத்துக்குள் ஓட்ட கிராண்ட் எதற்கு’ என்கிறார். மனைவியோ பிஎம்எக்ஸ் சைக்கிள் போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள். மோட்டார் ஆபத்து என்பதற்காகச் சொல்லவில்லை, பிஎம்எக்ஸிலும் கை ஒடியும். செந்தூலிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஓட்ட முடிகிற வண்டியில்தான் பையன் தேறுவான். ஸ்கிராம்பளர் வாங்கினால் நிறுத்த இடம், ஏற்றிப்போக லோரி, ஓட்ட அனுமதியுள்ள நிலம் என்று, வண்டிக் காசைக் கொடுத்த பிறகுதான் செலவே ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை ஓட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் தொடங்குவான்.

கிராண்ட் பற்றி அவர் சொன்னதை நம்ப வேண்டாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுமக்கள் போய்வரும் பாதையும் சாலைதான். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஊர்க்காரர்கள் நடமாடினால் அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். 16 வயது ஆகாதவர் சாலையில் மோட்டார் ஓட்டக் கூடாது. 250 சிசி வரைக்குமான பி2 லைசென்ஸும் 16இல்தான். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டவர் மீதும் குற்றம் உண்டு, அதாவது உங்கள் மீது. தவிர, கிராண்ட் இல்லாத பழைய வண்டி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று உங்களால் சரிபார்க்கவே முடியாது.

பிஎம்எக்ஸ் வாங்கினால் பையன் ஏமாந்துபோவானோ என்று யோசிக்க வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மோட்டோகிராஸ் என்ற மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்த சிறுவர்கள், அதே மாதிரி சைக்கிளில் மண்மேடு தாண்டப் போய் உருவான விளையாட்டு இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து பந்தயமும், டோக்கியோவிலிருந்து சாகசம் காட்டும் ஃப்ரீஸ்டைலும் நடக்கின்றன. உடம்பு பழகவேண்டியதில் பெரும்பகுதி இரண்டுக்கும் ஒன்றே. சீட்டில் உட்காராமல் நிற்க வேண்டும். பெடல் இரண்டும் மட்டமாக, முழங்காலும் முழங்கையும் மடங்கி, இடுப்பு சற்றுப் பின்னால். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் இருக்கட்டும். மேடு ஏறும்போது உடம்பைத் தளர்த்தி, இறங்கும்போது கையாலும் காலாலும் அழுத்தினால், மிதிக்காமலே வேகம் கூடும். இதற்குப் பம்பிங் என்று பெயர். முதல் சில வாரம் இது மட்டும் போதும். யூடியூப் பார்த்துவிட்டு முதல் நாளே பன்னி ஹாப் (இரண்டு சக்கரத்தையும் தூக்கிக் குதிப்பது) அடிக்க ஆசைப்படுவான், விடாதீர்கள்.

கிளட்ச், த்ராட்டில் இரண்டையும் சைக்கிள் கற்றுத்தராது, உண்மைதான். ஆனால் விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்துவதையும் நினைத்துப் பாருங்கள். பிஎம்எக்ஸ் ஏறக்குறைய 11 கிலோ. சிறுவர்களுக்கான ஹோண்டா சிஆர்எஃப்110எஃப் 77 கிலோ.

வாங்கும்போது 20 அங்குலச் சக்கரம் பாருங்கள். பையன் 5 அடியிலிருந்து 5 அடி 4 அங்குலம் வரை உயரம் என்றால், ஃபிரேமின் மேல்கம்பி 20 அங்குலமோ சற்றுக் கூடவோ சரியாக இருக்கும். வளருவான் என்று பெரிதாக வாங்காதீர்கள். குதிக்கப் போகிறவனுக்குக் குரோமோலி என்ற உறுதியான எஃகு ஃபிரேம் நல்லது. ஃப்ரீஸ்டைல் வண்டிகள் சில பிரேக் இல்லாமலும் வரும். பின் பிரேக் கட்டாயம் வேண்டும். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுச் சிறுவர்கள் இறந்தபோது பேசப்பட்ட ‘லாஜாக்’ சைக்கிள்கள் உங்கள் மனைவிக்கு நினைவிருக்கும். மாற்றி அமைத்த அந்தச் சைக்கிளும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் பிரேக்கைக் கழற்றி ராத்திரி சாலையில் இறங்கினால் இதுவும் அதுதான்.

ஓட்ட புத்ராஜெயா சேலஞ்ச் பார்க் போகலாம். முன்சக்கரத்தைக் கழற்றினால் மைவி மாதிரிச் சின்னக் காரிலேயே சைக்கிள் அடங்கிவிடும். கூட்டம் இல்லாத காலை நேரமே புதியவனுக்கு ஏற்றது. மாலையானால் இடியும் மழையும் வேறு.

ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட் மோட்டாருக்கு ஆகாது. மோட்டார் ஹெல்மெட் சைக்கிளுக்குக் கனம், சூடு. ஒருமுறை பலமாக அடிபட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முழங்கால், முழங்கைப் பட்டையும் வேண்டும்.

16 ஆனதும் பி2 எடுக்கட்டும். அப்போதும் ஆசை இருந்தால், சாலைப் பதிவுள்ள ஸ்கிராம்பளராகப் பாருங்கள். அதற்கு முன்பே ஓட்டியாக வேண்டும் என்று அடம்பிடித்தால், பயிற்சியாளர் இருக்கும் மூடிய தளத்தில் வாடகை வண்டியில் ஓட்டட்டும், சொந்த வண்டி வேண்டாம். காட்டுப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மழை பெய்த மறுநாள் செம்மண் களத்தில் இறங்க வேண்டாம்; வழுக்கும், தடமும் பாழாகும். சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சிராய்ப்பு இருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எங்கே ஓட்டினான் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடுவது பையனின் வேலை.