பல் முளைக்கும் இடத்தில் ரத்தம் கசிகிறது... பிரஷ் பண்ணலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. கீழ்வரிசையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. பிரஷ் பட்டால் ரத்தம் கசிகிறது, அவனும் அழுகிறான். அதனால் அந்தப் பக்கம் தேய்ப்பதையே நிறுத்திவிட்டேன். அங்கே பல் எதுவும் விழவில்லையே, பிறகு ஏன் வீக்கம்? வைட்டமின் குறைபாடாக இருக்குமோ?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வந்துகொண்டிருக்கிறது. சுமார் 6 வயதில் வரும் பல் இது. இதற்காக எந்தப் பால் பல்லும் விழாது. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் முளைக்கும். அதனால் பல பெற்றோருக்கு இது வந்ததே தெரிவதில்லை. தெரிந்தாலும், பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இது விழுந்து முளைக்காது. ஆயுள் முழுக்க மென்று சாப்பிட வேண்டிய பல்.

பல் மேலே வரும்போது ஈறு கொஞ்சம் சிவப்பதும் தடிப்பதும் சகஜம். ஆனால் பிரஷ் பட்டதும் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் அந்த இடத்தில் படிந்திருக்கும் அழுக்குப் படலமே காரணம். ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லின் முன்பக்க முனைகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பின்பாதியை ஈறு மூடியிருக்கும். அந்த ஈறு மடிப்புக்கு அடியில் உணவுத் துணுக்குகள் மாட்டிக்கொள்ளும், கிருமிகள் பெருகும், ஈறு வீங்கும். வலிக்கிறதே என்று தேய்க்காமல் விட்டால் படலம் இன்னும் சேரும், ரத்தமும் இன்னும் அதிகமாக வரும். பிள்ளை அழும்போது கை பின்வாங்குவது எனக்கும் புரிகிறது. ஆனாலும், தயவுசெய்து இன்று இரவே மறுபடி ஆரம்பியுங்கள்.

எப்படித் தேய்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாதி முளைத்த பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருக்கும். வழக்கம்போல வரிசையோடு முன்னும் பின்னும் இழுத்தால் பிரஷ் உயரமான பல்லை மட்டும் தேய்த்துவிட்டு, இதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். பையனை உங்களுக்கு முன்னால் நிற்க வைத்து, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைப் பாதி திறந்தால் போதும். ரொம்பத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷுக்கு இடம் இருக்காது. கன்னத்துப் பக்கமாக பிரஷைக் குறுக்கே நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சின்னத் தலை உள்ள மிருதுவான பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும். தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். 7, 8 வயது வரை பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சரியாகச் செய்ய வராது, நீங்கள்தான் செய்துவிட வேண்டும்.

முதல் சில நாட்கள் ரத்தம் கசியலாம், பயப்படாதீர்கள். சுத்தமானதும் ஈறு தேறிவிடும். துப்பத் தெரிந்த பிள்ளை என்றால் வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிக்கலாம். ஈறின் மேல் மாத்திரையைப் பொடித்து வைப்பது, எண்ணெய் மருந்து தடவுவது எல்லாம் வேண்டாம், மெல்லிய ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வைட்டமின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓரளவு எல்லாம் சாப்பிடுகிற பிள்ளைக்கு, ஒரே இடத்தில் மட்டும் ஈறு வீங்கினால் வைட்டமின் குறைபாட்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை. மாத்திரை கொடுத்தாலும் பல்லில் உள்ள படலம் போகாது.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் குறையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ், கன்னத்தில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். பல் முளைப்பதால் வந்த காய்ச்சல் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தொடாமலே பல இடங்களில் ஈறு கசிந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தாலோ குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

அப்புறம், மற்ற மூன்று மூலைகளிலும் இதே பல் வரும். அங்கேயும் அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். முழுதாக வெளியே வந்ததும், பல்லின் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு போடலாமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.