கோவையிலிருந்து அந்தமான்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

குடும்பத்தோடு நான்கு முறை அந்தமான் போய் வந்தவன் என்பதால் நம் பக்கத்து ஆட்கள் பலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, கோயமுத்தூர்ல இருந்து போர்ட் பிளேர் எத்தனை கிலோமீட்டருங்க?

வான்வழியில் நேர்கோடாக ஏறக்குறைய 1,710 கிலோமீட்டர். நீங்களே கணக்குப் போடலாம். கோவை 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, போர்ட் பிளேர் 11.6-ல். ஆக, கிட்டத்தட்ட நமக்கு நேர் கிழக்கே. தீர்க்கரேகை நமக்கு 77, அங்கே 92.7. இடையில் 15.7 டிகிரி. நம் அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு சுமார் 109 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

கோபியிலிருந்து: சென்னை போய்ச் சுத்திப் போறது வீண் அலைச்சல் இல்லீங்களா?

தூரத்தில் அலைச்சல் இல்லைங்க. கோவை–சென்னை வான்வழியில் 400 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370. நேர்வழியைவிட 70 கிலோமீட்டர்தான் கூடுதல். பறக்கும் நேரம் முதல் விமானத்தில் ஒன்றேகால் மணி, அடுத்ததில் இரண்டேகால் மணி, மொத்தம் மூன்றரை. நேரத்தைத் தின்பது சென்னையில் காத்திருப்பதுதான்.

இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஒருமுறை நாங்கள் தனித்தனியாக எடுத்தோம். கோவையில் விமானம் தாமதமாகி, சென்னையில் அடுத்ததைத் தவறவிட்டோம். வேறு டிக்கெட் என்பதால் பணம் திரும்ப வரவில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு அன்று இரவு அறை தேடி அலைந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து: ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போயிட்டா?

போகலாம். சேரன் எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரலில் விட்டுவிடும், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது. ஆனால் அன்றைக்கே அதிகாலை விமானம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உடுமலையிலிருந்து: ஆடிக் காத்துல விமானம் சீக்கிரம் போகுமா? காத்து கிழக்கே பார்த்துத்தானே அடிக்குது?

அருமையான கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியே தரைக்குப் பக்கத்தில் அடிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். அதனால் ஆடியில் போகும்போது எதிர்காற்று, சில நிமிடம் கூடலாம். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்.

தாராபுரத்திலிருந்து: அங்க கடிகாரத்தை மாத்தணுங்களா?

வேண்டாங்க, நம் நேரம்தான். ஆனால் சூரியனுக்கு அது தெரியாதே. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி கிழக்கே போனால் பொழுது 4 நிமிடம் முந்தும் என்று வைத்தால், 15.7 டிகிரிக்கு அங்கே பொழுது நம்மைவிட ஒரு மணி நேரம் முந்துகிறது. மார்கழியில் மாலை 5 மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கிவிடும். அதனால் மதியத்துக்குள் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். 4 மணிக்கு இறங்கினால் பெட்டியை எடுத்து அறைக்குப் போவதற்குள் கடல் கண்ணுக்குத் தெரியாது.