கேஸெக்ரைனரில் ஒழுகிப்போன சீஸ்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மூன்று வருடமாக இருக்கிறேன். இங்கே வூர்ஸ்டல் என்னும் சாசேஜ் கடைகளில் கிடைக்கும் கேஸெக்ரைனரை, அதாவது உள்ளே சீஸ் வைத்துப் புகையூட்டிய அந்த சாசேஜை, வீட்டில் செய்துபார்க்க ஆசைப்பட்டுப் போன வாரம் இரண்டு கிலோ போட்டேன். பன்றித் தோள்கறி, கொஞ்சம் கொழுப்பு, எமென்டால் சீஸ், பூண்டு, மிளகு. அரைக்கும்போது கடைசியில் கறி வெண்ணெய் மாதிரி குழைந்து வந்தது. நல்ல பதம் என்று நினைத்தேன். சீஸைக் கலந்து, அரைக்கும் இயந்திரத்திலேயே குழாயை மாட்டிக் குடலில் அடைத்தேன். புகைப்பெட்டியில் 90 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம். நாலு வெடித்துவிட்டன. மற்றவற்றை அறுத்துப் பார்த்தால் சீஸ் இருந்த இடத்தில் பொந்துதான் இருக்கிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு உருகி நிற்கிறது. கறி மரத்தூள் போல உதிர்கிறது. தப்பான சீஸை வாங்கிவிட்டேனா? கறியைப் பதப்படுத்தும் நைட்ரைட் உப்புக்குப் பதில் சாதா உப்பு போட்டேன், அதனாலா? இதையே கோழிக்கறியில் செய்யலாமா?

ஆர்., கிராஸ்

அன்புள்ள ஆர்.,

சீஸ் மேல் பழி போடவேண்டாம். எமென்டால்தான் சரியான சீஸ், ஆஸ்திரியாவில் கறிக்கடைக்காரர்கள் போடுவதும் அதைத்தான். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "வெண்ணெய் மாதிரி குழைந்து வந்தது." அந்த நிமிடமே இந்த இரண்டு கிலோவும் கெட்டுவிட்டது. அதன்பின் வந்த 90 டிகிரியும் கொதிதண்ணீரும் கெட்டுப்போனதை இன்னும் மோசமாக்கின.

கறியில் உப்புப் பட்டதும் அதிலுள்ள புரதம் கரைந்து பசையாகிறது. அந்தப் பசைதான் கொழுப்பையும் தண்ணீரையும் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொள்கிறது. சூடுபட்டால் அது இறுகி, முட்டை வெந்தது போல நிலைத்துவிடும். சீஸ் துண்டு உருகினாலும் தன் குழிக்குள்ளேயே கிடப்பது இந்த இறுகிய சுவர் இருப்பதால். அரைக்கும்போது கறி சூடேறினால் கொழுப்பு இழுபட்டு, கறித் துணுக்குகளின் மேல் எண்ணெய் பூசியது போலப் படிந்துவிடுகிறது. எண்ணெய் பூசிய துணுக்கு இன்னொன்றோடு ஒட்டாது. சுவர் எழும்பவே இல்லை என்றால் கொழுப்பு தோலுக்கு அடியில் வந்து தேங்கும், தண்ணீர் வடியும், கறி உதிரும், சீஸ் கிடைத்த வழியில் போகும். நீங்கள் அறுத்துப் பார்த்தபோது கண்ட குறைகள் எல்லாம் ஒரே குறைதான்.

இனி அளவுக்கு வருவோம். இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால்: பன்றித் தோள்கறி 1,300 கிராம், கொழுப்பும் நரம்பும் நீக்கிய மாட்டுக்கறி 350 கிராம், பன்றியின் முதுகுக் கொழுப்பு 350 கிராம், பொடித்த ஐஸ் 150 கிராம். நைட்ரைட் கலந்த உப்பு 38 கிராம். கரகரப்பாக இடித்த மிளகு 6 கிராம், நசுக்கிய பூண்டு 8 கிராம், மல்லிப்பொடி 2 கிராம், ஜாதிபத்திரி 1 கிராம், காரமில்லாத பாப்ரிகா 4 கிராம், அஸ்கார்பிக் அமிலம் 1 கிராம். எமென்டால் 320 கிராம், அதாவது கறிக் கலவையில் 15 சதவீதம். 20 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு நல்ல சுவரும் தாங்காது. பன்றிக் குடல் 30-32 மில்லிமீட்டர் அகலத்தில் நாலரை மீட்டர் ஊறவைத்தால் போதும். 150 கிராம் எடையில் பதினாறு வரும்.

மாட்டுக்கறி எதற்கு என்று கேட்பீர்கள். கேஸெக்ரைனர் முழுக்கக் கொத்துக்கறி இல்லை. கரகரப்பான பன்றிக்கறித் துணுக்குகளை மாவு போல அரைத்த ஒரு கலவை பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மாவுக்குக் கொழுப்பில்லாத மாட்டுக்கறியின் புரதம் நன்றாக வேலை செய்யும். சீஸே போடாத பழைய கிரைனர் சாசேஜ் வேறு வகை. இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் கிரைன் பகுதியின் பெயரைத் தாங்கியது அது, முழுக்கப் பன்றிக்கறி. 2012இல் அந்தப் பெயர் யாருக்கு உரியது என்று ஸ்லோவேனியாவும் ஆஸ்திரியாவும் மல்லுக்கட்டின. கடைசியில் ஸ்லோவேனியாவின் சாசேஜுக்கு 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது, கேஸெக்ரைனர் என்ற பெயரை ஆஸ்திரியர்கள் வைத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த சீஸ் சாசேஜுக்குப் பாரம்பரியம் என்ற சொல் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் வியன்னாவின் சாசேஜ் கடைகளே 2024இல் அந்நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிவிட்டன. விட்டுவிடுவோம்.

முதல் நாள் இரவு: பன்றிக்கறியை மூன்று சென்டிமீட்டர் துண்டாக்கி 28 கிராம் உப்பில் பிசறுங்கள். மாட்டுக்கறியில் மீதி 10 கிராம். தனித்தனியாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கறி விரலில் ஒட்டும், நிறமும் மாறியிருக்கும். அரைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் கறி, கொழுப்பு, இயந்திரத்தின் திருகு, கத்தி, துளைத்தட்டு எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போடுங்கள். கறித் துண்டின் ஓரம் விறைத்து, நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கவேண்டும். பன்றிக்கறியையும் 200 கிராம் கொழுப்பையும் 6 மில்லிமீட்டர் தட்டில் ஒரே தடவை ஓட்டுங்கள். துளையிலிருந்து தனித்தனிப் புழு மாதிரி, வெள்ளையும் சிவப்பும் பிரிந்து தெரியும்படி விழுந்தால் சரி. இளஞ்சிவப்புக் கூழாக வந்தால் உடனே நிறுத்துங்கள். கத்தி மழுங்கியிருக்கும், அல்லது நரம்பு சுற்றியிருக்கும், அல்லது கறி சூடேறியிருக்கும்.

மாட்டுக்கறியைப் பாதி ஐஸோடு ஃபுட் ப்ராசஸரில் போட்டு ஓட்டுங்கள். பசை பிடித்ததும் மீதி 150 கிராம் கொழுப்பு, மீதி ஐஸ், மசாலா, அஸ்கார்பிக் அமிலம் எல்லாம் போகட்டும். குத்தும் தெர்மாமீட்டரை அடிக்கடி இறக்கிப் பாருங்கள். 12 டிகிரிதான் எல்லை. 10ஐத் தொட்டாலே நிறுத்திவிடுவது என் பழக்கம், ஏனென்றால் வீட்டு இயந்திரத்தின் கத்தி அந்த இரண்டு டிகிரியை அரை நிமிடத்தில் ஏற்றிவிடும். இதையும் கொத்திய பன்றிக்கறியையும் சேர்த்துக் கையால் நாலைந்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கை விறைத்து வலிக்கவேண்டும். வலிக்கவில்லை என்றால் கலவை போதுமான குளிர்ச்சியில் இல்லை. ஓர் உருண்டையை உள்ளங்கையில் தட்டிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் தொங்கவேண்டும். இந்த இடத்தில் ஒரு சின்ன வடை தட்டித் தோசைக்கல்லில் வாட்டி உப்புப் பாருங்கள்.

சீஸ் கடைசியில்தான். 6 முதல் 8 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். அதைவிடப் பெரிதானால் குடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் சுவரே இருக்காது. சிறிதானால் கறியோடு கரைந்து காணாமல் போகும். வெட்டியதை அகலக்கண் சல்லடையில் போட்டு ஆட்டுங்கள். கீழே கைப்பிடியளவு சீஸ் தூள் விழும். அது கலவைக்குள் போகவே கூடாது, துணுக்குகளுக்கு நடுவே உருகிப் பிடிப்பைத் தளர்த்திவிடும் (முட்டையில் கலந்து ஆம்லெட் போட்டுக்கொள்ளுங்கள்). சதுரங்களை ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கலவையில் கொட்டி, பரவும்வரை மட்டும் புரட்டுங்கள். பழைய, காய்ந்த சீஸ் எண்ணெய் கக்கும். மொஸரெல்லா தண்ணீர் விடும். சுமார் மூன்று மாதம் முதிர்ந்த எமென்டால் போதும்.

உங்களுடைய இன்னொரு தவறு இங்கே. அரைக்கும் இயந்திரத்தில் குழாயை மாட்டி அடைக்கும்போது திருகு சீஸைக் கசக்கிவிடும், கத்தியும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். கலவையும் இன்னொரு முறை சூடேறும். உருளைக்குள் பிஸ்டன் தள்ளும் அடைப்பான் வேண்டும், குழாய் 18 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இறுக்கி அடைக்காதீர்கள். விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பவேண்டும். 18-20 சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு. காற்றுக்குமிழ் தெரிகிற இடத்தில் மட்டும் மெல்லிய ஊசியால் ஒரு குத்து. வரிசையாகக் குத்திக்கொண்டே போகும் பழக்கம் மற்ற சாசேஜுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

இனி புகை. அதற்கு முன்னால் தோல் காயவேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் கம்பில் தொங்கவிட்டு, புகை இல்லாமல் 50 டிகிரியில் அரை மணி முதல் முக்கால் மணி. தொட்டால் காகிதம் போல உலர்ந்திருக்கவேண்டும். ஈரத்தோலில் புகை பட்டால் கறுப்புத் திட்டாகவும் புளிப்பாகவும் படியும். பிறகு பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரச் சீவலில் 60 டிகிரியில் முக்கால் முதல் ஒரு மணி நேரம், செம்பழுப்பு நிறம் வரும்வரை. மெல்லிய நீலப் புகையாக இருக்கட்டும். அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் சீவல் ஈரமாக இருக்கிறது, அல்லது காற்றுப் போக்கு இல்லை.

ஏன் 60? மெதுவாக ஏறும் சூட்டில் 50 டிகிரியைத் தாண்டியதும் கறி இறுக ஆரம்பிக்கிறது, சீஸ் நன்றாக ஓடத் தொடங்கும்போது சுவர் பாதி எழும்பியிருக்கும். 90 டிகிரியில் வெளித்தோல் மட்டும் வெந்து சுருங்கும். உள்ளே நீராவியும் கொழுப்பும் பெருகி, சுருங்கிய தோலைக் கிழிக்கும். உங்கள் நான்கு சாசேஜ் வெடித்த கதை அதுதான்.

அடுத்தது வேகவைப்பு. தண்ணீர் 75 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருக்கலாம், எழும்பக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு, ஆகவே இதற்கு அரை மணி. ஒன்றைப் பலி கொடுத்து நுனி வழியாகத் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். நடுவில் 70 டிகிரி காட்டியதும் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போடவேண்டும். இதைத் தவிர்த்தால் தோல் சுருங்கிக் கிழவியின் கன்னம் மாதிரி ஆகிவிடும். துடைத்து, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். சூடாக இருக்கும்போதே அறுத்துப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். சீஸ் திரும்ப உறைய அந்த இரவு வேண்டும்.

சாதா உப்பு பற்றிக் கேட்டீர்கள். சீஸ் ஒழுகியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் புகையூட்டுவதாக இருந்தால் சாதா உப்பு வேண்டாம். குடலுக்குள் காற்று எட்டாமல் கறி, வெதுவெதுப்பில் ஒன்றரை மணி நேரம் தொங்குகிறது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் பாட்டுலினம் கிருமிக்கு அது பிடித்த சூழல். அந்த நோயின் பெயரே சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1820களிலேயே ஜஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மன் மருத்துவர், கவிஞரும்கூட, இந்தச் 'சாசேஜ் நஞ்சு' பற்றி விரிவாக எழுதிவிட்டார். சாதா உப்புதான் போடுவேன் என்றால் புகையை விட்டுவிட்டு, அடைத்தவுடன் நேராக வேகவைத்துவிடுங்கள்.

இதில் ஓர் ஆபத்தான குழப்பம் உண்டு. உங்கள் ஊரில் போகல்சால்ட்ஸ் என்று விற்பது 0.4 முதல் 0.5 சதவீதம் நைட்ரைட் கலந்த உப்பு. அதைக் கிலோவுக்கு 18 கிராம் போட்டால் 72 முதல் 90 மில்லிகிராம் நைட்ரைட் சேரும். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் இளஞ்சிவப்பு உப்பில் 6.25 சதவீதம் நைட்ரைட். அதை கிலோவுக்கு 2.5 கிராம்தான் போடுவார்கள், உப்பைத் தனியாகச் சேர்ப்பார்கள். அதை உங்கள் அளவில் 18 கிராம் போட்டால் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் போய்விடும். அது விஷம். மாற்றி, உங்கள் ஊர் உப்பை 2.5 கிராம் போட்டால் காப்பாற்றாது. பாக்கெட்டில் சதவீதத்தைப் படிக்காமல் எடைபோடாதீர்கள்.

கோழியில் செய்யலாம், தொடைக்கறியில். ஆனால் நடுவில் 74 டிகிரி வரவேண்டும் என்பதால் சீஸ் இன்னும் இளகும், 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோழிக் கொழுப்பு சீக்கிரம் உருகுவது, ஆகவே குளிர்ச்சியில் இரட்டிப்புக் கவனம். நல்ல சாசேஜாக வரும். அதைக் கிரைனர் என்று சொன்னால் கிராஸில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சாப்பிடும்போது மிதமான சூட்டில் பத்து நிமிடம் புரட்டிப் புரட்டி வாட்டுங்கள். கீறவோ குத்தவோ கூடாது, உள்ளிருந்து பீய்ச்சும் சீஸ் கையைச் சுட்டுவிடும். துண்டுபோட்டு, துருவிய க்ரென் (அதுதான் குதிரைமுள்ளங்கி), கடுகுச் சாந்து, கறுப்பு ரொட்டி. வியன்னா பேச்சுவழக்கில் இதற்கு 'ஐத்ரிகெ' என்று பெயர், சீழ் கட்டியது என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்த பிறகு நண்பர்களிடம் சொல்லுங்கள். மிஞ்சியதை 4 டிகிரிக்குள் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். காற்றுநீக்கி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம், ஆனால் சீஸ் கொஞ்சம் மணல் தட்டும்.

அடுத்த முறை ஒரு கிலோ மட்டும் போடுங்கள். அரைத்து முடித்த கலவையின் சூடு, புகைப்பெட்டியின் சூடு, தண்ணீரின் சூடு, இந்த மூன்று எண்ணையும் குறித்துவைத்து, அறுத்த துண்டின் படத்தோடு அனுப்புங்கள்.